கடப்படியில் திரும்பிய வட்டா

அன்பு மகள் மேனுகாவுக்கு அம்மா எழுதுவது. கொக்கட்டிச்சோலையான் கிருபையால் நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் மன்றாட்டம். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு காதைக் கொடுப்பார், அதனால்தான் கடுதாசி. காத்தான்குடி றமீஸாவின் மருமகன் லண்டனுக்கு வருகிறார், அவரிடம் இதையும் கொஞ்சம் மாசித்தூளும் கொடுத்து விடுகிறேன். அப்பாவுக்குச் சீனி வருத்தம் குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை.

இங்கே பெரிய புதினம், அப்பாவின் கலப்பைக் கட்சியும் என் அண்ணன், உன் நல்லரத்தினம் மாமாவின் குடக் கட்சியும் சேர்ந்து பிரதேச சபையைப் பிடித்துவிட்டார்கள். ஒருவருக்கும் தனியாக ஆளப் போதிய ஆசனமில்லை, அதனால் தவிசாளர் கலப்பை, உப தவிசாளர் குடம், இரண்டு வருசத்தால் மாறிக்கொள்வார்களாம். தேர்தலுக்கு முதல் கிழமைவரை துரோகி என்று மைக்கில் கத்தினவர்கள் இப்போது ஒரே மாலைக்குள் தலையைக் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். ஏழு வருசம் முகம் பார்க்காத அப்பாவும் உன் மாமாவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து புரியாணி சாப்பிட்டார்களாம். வந்து எனக்குப் படிப்பிக்கிறார், கொள்கை வேற, நிலைமை வேற, உனக்கு இது விளங்காது எண்டு. நான் அலுமாரிக்குள் கிடந்த இரண்டு கட்சி நோட்டீசையும் எடுத்து வைத்துப் பார்த்தேன் மனே. இரண்டிலும் அதே வாய்க்கால், அதே குடிதண்ணீர், அதே மேய்ச்சல் தரை. கடுதாசியின் நிறம் மட்டும் வேறு.

விட்டுக்கொடுப்பது பிழையென்று நான் சொல்லவில்லை, அடிபட்டுச் சபை கலைவதைவிட இது நல்லதுதான். ஆனால் நம் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் பாதியில் நின்றபோது சபையில் எழும்பி ஏன் என்று கேட்டவர் அண்ணனின் குடக் கட்சிக்காரர் ஒருவர், அவர்தான் இப்போது உப தவிசாளர். போன கிழமை போய்க் கேட்டேன், அக்கா இப்ப நாங்க எல்லாரும் ஒண்டுதானே, மெல்லமாச் செய்வம் எண்டார். எல்லாரும் ஒன்றானால் இனி எழும்பிக் கேட்பதற்கு ஆர் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வெள்ளத்துக்குள்ளால் நடந்து வந்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். முந்தின தேர்தல் முடிந்து பத்து நாளில் அண்ணன் மனைவி தவமணி மாமி, மகள் தக்ஷாயினியின் கலியாணத்துக்குச் சொல்ல பித்தளை வட்டாத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு படுவான்கரையிலிருந்து தோணியேறி வந்தா. அப்பா வாசல் கடப்படியில் மறித்து, குடத்துக்காரர் இந்த வளவுக்குள்ள கால் வைக்கப்படாது எண்டார். வட்டாவோடு வந்தவரை வெற்றிலை எடுக்காமல் திருப்புவது எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்குத் தெரியும். எடுக்க வேண்டியவள் வீட்டுக்காரி. வீடு என்னுடையது, என் அம்மா சீதனமாக எழுதித் தந்தது, அப்பா மாப்பிள்ளையாக வந்து ஏறினவர். அவ்வளவும் தெரிந்த நான் குசினி வாசலில் சும்மா நின்றேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் தவமணி மாமி மோசம் போனபோது செத்த வீட்டுக்குப் போகாததற்கும் அப்பாவைச் சாட்ட மாட்டேன், அன்றைக்கு அவர் போ என்றுதான் சொன்னார். எனக்குத்தான் முகமில்லை.

இப்போது சபைக் கதிரைக்காக அப்பாவும் அண்ணனும் ராசியாகிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வாறார், நண்டு வாங்கு என்கிறார் அப்பா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெள்ளிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் அம்மாவின் வட்டாவைப் புளி போட்டு மினுக்கி, வெற்றிலை வைத்துக்கொண்டு நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வட்டைக்குப் போயிருந்தார், வயலில் வேலையாம். தக்ஷாயினிதான் கடப்பைத் திறந்தாள். நான் வட்டாவை நீட்டினேன். அவள் ஒரு வெற்றிலையை எடுத்துத் தாயின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள், மாமி, அண்டைக்கு அம்மா திரும்பி வந்து ஒரு ஏச்சும் ஏசல்ல, மச்சாள் உள்ள நிண்டவ, நான் கண்டனான் எண்டு மட்டும்தான் சொன்னவ.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவார், நண்டும் ஆக்குவேன். சுவரில் இருந்த கலப்பைப் படத்தை உரித்தெடுத்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனோடு அற்பத்துக்கும் கொழுவிச் சண்டை பிடிக்காதே. தக்ஷாயினிக்கு ஒருக்கால் போன் எடு, மறக்காதே. இந்த வீடு நாளைக்கு உன் பெயருக்கு வரும் மகள். கடப்படியில் ஆர் ஆரை மறித்தாலும் நீ குசினிக்குள் நிற்காதே, இறங்கிப் போய்த் திற.

இரண்டு பேரும் நீடூழி வாழ வேண்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
சின்னத்தங்கம் யோகராசா