அம்மாவின் கீழுதடு

மார்ச் 9, ஞாயிறு
சூரியநெல்லி

காலையில் மாமா மகள் கல்யாணத்துக்குப் புறப்படும்போது அம்மாவுக்கு நான்தான் லிப்ஸ்டிக் போட்டேன். உதட்டின் நடுவில் மட்டும் தொட்டுவைத்து, ஓரம் கலைந்து மங்கும்படி விரலால் ஒற்றிக்கொண்டே வந்தேன். கீழுதட்டில், தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அவள் புகையிலை அடக்கும் இடத்தில், பயறளவு ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. கை நின்றுவிட்டது.

“ஏட்டி, அது ரொம்ப நாளா கெடக்கு. வலிக்கவே இல்ல. நீ போடு,” என்றாள்.

போட்டு முடித்தேன். பூசியதே தெரியவில்லை. மண்டபத்தில் எல்லோரும் அம்மாவின் உதட்டைப் பார்த்து அழகு என்றார்கள். என்னால் பார்க்க முடியவில்லை.

நாளை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது? சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்நுனியில் அந்தக் கெட்டி இன்னும் இருக்கிறது. போன மழைக்குச் செத்துப்போன பக்கத்து லயத்து வீட்டுச் செல்வி அக்காவும் முதலில் வலிக்கவில்லை என்றுதான் சொன்னாள்.