வடித்துக் கொட்டிய தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதச் சொன்னார் அப்பா. எழுதிவிட்டேன். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது என்றும் சொன்னார். "அவ அங்க தையல் மெஷின்ல உக்காந்து அழுதா, ஊசி விரல்ல ஏறிடும்" என்றார். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க உருளைக்கிழங்கைப் பற்றித்தான்.

அறிவியல் கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு. உருளைக்கிழங்கை எப்படிச் சமைத்தால் சத்து மிஞ்சும் என்பது என் தலைப்பு. தோலோடு ஆவியில் வேகவைத்தால் வைட்டமின் சி, பொட்டாசியம், நார்ச்சத்து எல்லாம் பெரும்பாலும் தங்கிவிடும். தோல் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால், சத்தில் பெரும்பங்கு தண்ணீரோடு போய்விடும். எண்ணெயில் பொரித்தால் கொழுப்பு ஏறும். பொட்டாசியம் அவ்வளவாகக் குறையாது. வடித்த கிழங்கின் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் 'வீண்' என்று எழுதச் சொன்னார் டீச்சர். எழுதினேன்.

வீட்டில் நான் தினமும் சமைப்பது அந்த வீணான கிழங்கைத்தான். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவு நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்தார். சிலருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்திலேயே தேங்கிவிடுமாம், இதயத்துக்கு ஆகாதாம். நான் அங்கே எதற்குப் போனேன் என்று கேட்காதே. அது கிழங்கைப் பற்றியதல்ல.

அப்பா தட்டைப் பார்த்து, "ஏம்மா, குளிப்பாட்டிக் குளிப்பாட்டி கிழங்குக்கே ஜலதோஷம் பிடிச்சிருக்கும்" என்று சிரிக்கிறார். பாதியை ஒதுக்கிவிடுகிறார். நேற்று அவர் சட்டைப் பையில் எண்ணெய்க் கறை. பஸ் பட்டறையில் யாருக்கோ பிறந்தநாளாம், பொரித்த கிழங்கு கொடுத்தார்களாம். நான் முறைத்தேன். சமையலறைச் சுவரில் அவரே பெருமையாக மாட்டிய என் கண்காட்சி சார்ட்டில் பொரித்த கிழங்கின் படத்தைக் காட்டி, "இதுக்கு நீ வீண்னு போடலையே" என்றார். சார்ட்டைக் கழற்றிக் கட்டிலடியில் தள்ளிவிட்டேன்.

இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

வேறு செய்தி: அப்பாவின் பட்டறை பூட்ஸ் கதவோரம் சும்மா கிடக்கிறது. காலில் ஏறவில்லை. செருப்போடு போகிறார். பூட்ஸைப் பற்றி எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை. யாருக்கு என்று எழுத எனக்கு அனுமதியில்லை. பொட்டாசியம் இறங்கவில்லை என்றால் அங்கேயே சேர்த்துவிடுவார்களாம். "பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாம்மா" என்றார் நர்ஸ் அக்கா. வீட்டில் நான்தான் பெரியவள் என்றேன். அவர் என் பள்ளிச் சீருடையை மேலும் கீழும் பார்த்தார்.

விடுப்புக் கேட்டால் உன் சூப்பர்வைசர் காரணம் கேட்பார். உருளைக்கிழங்கு என்றா சொல்ல முடியும்? அதற்கு என்ன சொல்லலாம் என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நீ வந்தால் உனக்குத் தோலோடு வேகவைத்துத் தருவேன். அப்பாவுக்குத் தனிப் பானை. அடுப்பில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. பெரிய பானைதான் கனம், அம்மா. கொதிக்கும் தண்ணீரை வடிக்கும்போது இன்னொரு பக்கத்தை யாராவது பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

விரல்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கிழங்கைப் பற்றி மட்டுமே எழுதிய
உன் மகள்