தொண்ணூற்று நான்காம் பக்கத்துக்கு ஒரு பிழைதிருத்தம்

நாம்வொன்,
ஜூன் 21

அன்பு மகள் சேபோமுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். மெல்போர்னில் இப்போது குளிர்காலம் என்று உன் சித்தி சொன்னாள். நீ சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் முதலில் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு வருடமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தடவை கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. சமையலறைப் பக்கத்துக் கூரை வழக்கம்போல ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். அம்மா ஒவ்வொரு ஜூனிலும் பச்சை பிளம் காயைச் சர்க்கரையில் ஊறப்போடுவாளே, இந்த வருடம் நானே போட்டேன். காம்பைக் கிள்ளாமல் போட்டுவிட்டேனாம், கசந்து போகும் என்று சித்தி ஒரு பாட்டம் திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து முட்டைக்கோஸ் கிம்ச்சி, வறுத்த நெத்திலி எல்லாம் வைத்துவிட்டுப் போகிறாள். கிம்ச்சியில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் அதை யார் போய் அவளிடம் சொல்வது. நீயும் ரொட்டியைத் தின்றே நாளை ஓட்டாதே, ஒரு வேளையாவது சோறு பொங்கிச் சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் எனக்குக் கல்வியியல் முதுகலைப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டைக் கறுப்பு அட்டை போட்டு, பொன்னெழுத்தில் என் பெயர் பதித்து, முப்பது பிரதி கட்டினேன். நம் ஊரில் அந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்கள் யாரும் உள்ளே இருப்பதைப் படிப்பதில்லை, நேராகக் கடைசிப் பக்கத்து நன்றியுரைக்குப் போய்த் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உனக்கு நான் அனுப்பவில்லை. சித்திதான் என்னிடம் சொல்லாமல் தபாலில் போட்டுவிட்டாள். ஏப்ரலில் நீ அவளுக்குப் போன் செய்து, "சித்தி, ஸ்கூல் காவலாளி பேரு கூட இருக்கு, என் பேரு இல்லையே" என்று அழுதாயாம், அவள்தான் சொன்னாள். சேபோம், வேண்டுமென்று விட்டதில்லை அது. அம்மாவின் சாவு மண்டபத்தில் கறுப்புத் துக்க உடுப்போடு என் முன்னால் நின்று நீ சொன்னாய், "அந்தப் புத்தகம் எப்ப வந்தாலும் அதுல என் பேரு வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்று. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எழுதி எழுதி நான்கு தடவை உன் பெயரை அழித்தேன். நீ சொன்னதை ஒரு தடவையாவது கேட்டேன் என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். கோபத்தில் பிள்ளை சொல்வதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முப்பது வருடமாக ஆசிரியனாக மற்ற பெற்றோர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்.

அந்தப் படிப்பில் என்னைச் சேர்த்துவிட்டதே உன் அம்மாதான், உனக்குத் தெரியும். விண்ணப்பத்தை அவள்தான் பூர்த்தி செய்தாள். "சேபோம் அப்பா, இந்த வயசுல நீங்க புத்தகப் பை மாட்டிக்கிட்டுப் போறதை நான் பாக்கணும், அப்படியே துணைத் தலைமையாசிரியர் ஆயிட்டா வேண்டாம்னா சொல்லப் போறேன்" என்று சிரித்தாள். கோடை விடுமுறையில் மூன்று வாரம், குளிர்கால விடுமுறையில் மூன்று வாரம், காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுப்பு, மூன்று நாள் வராவிட்டால் அந்தப் பருவமே போயிற்று. இரண்டு நாள் விடுப்பை அவளை மருத்துவமனையில் சேர்த்தபோதே எடுத்துவிட்டேன். மூன்றாவது நாள் அவளே வகுப்புக்குப் போகச் சொன்னாள். "போயிட்டு வாங்க, நான் எங்க ஓடிப் போகப் போறேன்" என்றாள். போனேன். சித்தி இன்றைக்கும் விடுவதில்லை, "பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்க ஏன் மட்டம் போடுதுன்னு நூறு பக்கம் எழுதினவரு, வர வேண்டிய இடத்துக்கு வரல" என்கிறாள். என் ஆய்வுத் தலைப்பு அதுதானே.

நீ அழுதாய் என்று தெரிந்த மறுநாளே பல்கலைக்கழக வாசலில் இருக்கும் அச்சகத்துக்கு ஓடினேன், அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றிக் கட்டித் தாருங்கள் என்று கேட்டேன். "நூலகத்துல சேர்ந்தாச்சே சார், இனி எங்க கையில இல்ல" என்றான் அச்சகக்காரன். நூலகத்துக்குப் போனேன். என் புத்தகம் அலமாரியில் புழுதி கூடப் படியாமல் நின்றது, ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நூலகப் புத்தகத்தில் கிறுக்கியதற்காக எத்தனை பிள்ளைகளை முட்டி போட வைத்தவன் நான், தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் உன் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். நூலகப் பெண்மணி பின்னால் வந்து நின்றது தெரியாது. "பெரியவரே, என்ன பண்றீங்க" என்றாள். இது என்னுடையது, மகள் பெயர் விட்டுப் போயிற்று என்றேன். அவள் அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தாள், முகம் மாறியது. "எழுதக் கூடாது. ஆனா பிழைதிருத்தச் சீட்டு ஒட்டலாம், உங்க வழிகாட்டி முத்திரை இருக்கணும்" என்றாள்.

என் வழிகாட்டி பேராசிரியை பியோ என்னைவிடப் பதினொரு வயது சின்னவர். சீட்டை அச்சடித்துக்கொண்டு போய் நின்றேன். அதில் இரண்டு கட்டம், தவறு என்று ஒன்று, சரி என்று ஒன்று. தவறு என்ற கட்டத்தில் "என் மனைவிக்கு நன்றி" என்று இருந்தது. சரி என்ற கட்டத்தில் "என் மனைவிக்கும், நான் இல்லாத நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த என் மகள் யூன் சேபோமுக்கும் நன்றி" என்று இருந்தது. அவர் இரண்டு கட்டத்தையும் படித்தார். அப்புறம் மேஜை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் தொட்டு, கையைத் தூக்கியவர் நிறுத்திக் கேட்டார். "வேற ஏதாவது தப்பு இருந்தா இதுலயே சேத்துருங்க சார், ரெண்டாவது சீட்டு நூலகத்துல வாங்க மாட்டாங்க." இல்லை என்றேன். அவர் முத்திரை வைத்தார்.

இருந்தது, சேபோம். அதைத்தான் இரண்டு மாதமாக எழுதவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருந்தேன். மண்டபத்தில் நீ என்னைக் கேட்டாய், "அப்பா, போன் ஆன்ல இருந்துச்சா?" என்று. அணைத்து வைத்திருந்தேன் என்றேன். நீ நம்பினாய். அது பொய். அன்றைக்கு வகுப்பில் போன் என் முன்னால் மேஜைமேல்தான் இருந்தது. பிற்பகல் இரண்டு பத்துக்கு என் முறை, எழுந்து நின்று ஆய்வுத் திட்டத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தேன். உன் பெயர் வந்தது. நின்று போய் மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது நான் போனைக் குப்புறக் கவிழ்த்து, மேலே காகிதத்தை வைத்தேன். இருபது நிமிடம்தானே என்று நினைத்தேன். அம்மாதான் உன்னைப் போன் போடச் சொன்னாள், என் குரலைக் கேட்க வேண்டும் என்றாள் என்று காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் சித்தி சொன்னாள். அந்த இருபது நிமிடத்தில் அவள் போய்விட்டாள். நீ என்மேல் கோபப்பட்டது பாதி விஷயத்துக்குத்தான், மீதியையும் தெரிந்துகொண்டு கோபப்படு. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

பேராசிரியையிடம் அதே சீட்டின் இரண்டு பிரதிக்கு முத்திரை வாங்கினேன். ஒன்று நூலகத்தில் ஒட்டியாயிற்று, மற்றது இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. அம்மாவின் திதி இந்த வருடம் சந்திர நாள்காட்டிப்படி ஆகஸ்ட் நான்காம் தேதி வருகிறது, குறித்து வைத்துக்கொள். நீ வந்தால் படையல் சோற்றில் அம்மா வந்து சாப்பிடக் கரண்டியை நீயே குத்தி வை, நான் பின்னால் நின்றுகொள்கிறேன். வர முடியாவிட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன். எங்கே இருந்தாலும் நல்ல உடம்போடும் நல்ல மனிதர்களோடும் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று உன் அம்மா பெயரால் வாழ்த்துகிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் போனைப் பிடுங்கி வைக்கிற ஆசிரியர் தன் போனை மட்டும் மேஜையில் திறந்து வைத்திருக்கிறாரே என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். பாடம் நடத்தும்போதும் அது மேல்முகமாகத்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
யூன் ஜேமான்