வலிக்காத கட்டி

அன்புள்ள கப்பல்காரருக்கு,

உங்கள் கத்திரிக்காரி எழுதுவது. நானும் குட்டியும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். குட்டி நலம். முன்பல் விழுந்துவிட்டது, சிரித்தால் அச்சு அசல் உங்கள் அப்பா. போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்பதால்தான் கடிதம்.

காதுக்குப் பின்னால் எனக்கு ஒரு கட்டி வந்தது. பட்டாணி அளவுதான், ஆனால் தொட்டாலே உயிர் போனது. பார்லரில் என்னிடம் முடி வெட்ட வருகிறவர்கள் தலையில் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால், சூட்டுக் கட்டிக்கா, ஒண்ணுமில்ல என்று சொல்லி அனுப்பிவிடுவேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! பெரிதாகிறதா என்று பார்க்க, ஒவ்வொருவர் எழுந்து போனதும் கண்ணாடி முன் நின்று அழுத்திப் பார்த்தேன். அழுத்த அழுத்த அது வீங்கியது. வீங்க வீங்கப் பயந்து இன்னும் அழுத்தினேன்.

டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். மயிர்க்கால் புண்ணாகியிருக்கு, நோண்டி நோண்டி நீயேதான் வளர்த்திருக்கே, கைய வச்சிக்கிட்டுச் சும்மா இரு என்று மாத்திரை எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், பின்மண்டையிலும் ஒன்று இருக்கிறது, அது வலிக்காத சமத்து என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுபடி உட்காரச் சொல்லி வெகுநேரம் தடவிப் பார்த்தார். வலிக்குதா, இப்ப வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், ஆனால் கல் மாதிரி இருக்கிறது, நகரவும் இல்லை, ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்றார்.

வியாழக்கிழமை எடுக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. காதுக்குப் பின்னால் இருந்தது மாத்திரையில் வற்றிவிட்டது. மற்றதைத் தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தொடுகிறேன். கொஞ்சமாவது வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு தொடுகிறேன்.

இன்று காலை குட்டிக்குத் தலை பின்னும்போது கை என் பின்மண்டைக்கே போய்ப் போய்ப் பின்னல் கோணிவிட்டது. பள்ளியில் எல்லாரும் சிரிப்பாங்கம்மா என்றாள். அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

கேப்டனிடம் லீவு கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கோபப்பட்டுச் சண்டை போடாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இன்னொன்று. கப்பலில் கயிற்றுக்குப் பஞ்சமிருக்காது. மூன்று துண்டு எடுத்துப் பின்னிப் பழகுங்கள். இறுக்காமல் பின்ன வேண்டும். இறுக்கினால் அவளுக்கு வலிக்கும்.

உங்கள்
கத்திரிக்காரி