வாகை மரத்துக்குத் தீ

ஆகஸ்ட் 9
அப்பாவின், என் அப்பச்சியின், காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் பட்டறைக்குப் போனேன். குளத்தூர்க் கல்லூரி வாசலில் சிற்பமாக நிற்கப்போகும் மூன்று வாகை மரங்களும் விட்ட இடத்திலேயே கிடந்தன. மழைக்கு முன்னால் நட்டாக வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை, வருத்தம்கூட இல்லை.

ஆகஸ்ட் 14
நான் வரைந்து வைத்துச் செய்கிறவள் இல்லை. மரத்தை உருட்டி உருட்டிப் பார்ப்பேன். அது எந்தப் பக்கம் வளைந்து வளர்ந்ததோ அந்தப் போக்கிலேயே அறுப்பேன். இன்றும் பட்டறை ஆள் மலையாண்டி உருட்டிக் கொடுத்தார், அறுத்தேன். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். என்ன உருவம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 15
படுத்தே கிடந்தேன்.

ஆகஸ்ட் 22
ஒரு மரத்தின் அடியில் கரையான். வெட்டவெளியில் நிற்கிற மரத்துக்கு நான் வார்னிஷ் அடிப்பதில்லை. கேஸ் டார்ச்சால் மேற்பரப்பு முழுக்கக் கரியாக்கிவிடுவேன். கரியைக் கரையான் அண்டாது. எத்தனை மரத்துக்கு இப்படித் தீ வைத்திருக்கிறேன்! இன்று டார்ச்சைக் கையில் எடுத்தேன் — பற்றவைக்க முடியவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 30
இன்றும் முடியவில்லை. என்னடி ஆச்சு ஒனக்கு?
தெரியும். அப்பச்சிக்கு ஒரே மகள் நான். கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுச் சோலையப்பன் அண்ணன். தெருமுனையில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். "பொம்பளைக இதுக்கு மேல வரக்கூடாது விசாலி, வீட்டுக்குப் போ" என்றார் அண்ணன். போனேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இத்தனை பெரிய மரங்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அன்றைக்கு வாய் எங்கே போச்சு? கோபம்கூட வரமாட்டேங்குது.

செப்டம்பர் 6
காலையில் தூறல். கல்லூரியிலிருந்து இரண்டு தடவை போன். டார்ச்சை மலையாண்டியிடம் நீட்டி, "நீங்க வைங்க" என்றேன். பற்றவைத்து, மரத்தை நோக்கிக் குனிந்தார்.
"வேணாம்! இதையும் வேற ஆளா வைக்கணும்?" — கத்தியது நான்தான்.
அவர் அணைக்கவில்லை. "அப்ப நீங்களே வைங்க ஆச்சி. நான் இங்கிட்டு நிக்கிறேன்."
வாங்கித் தீ வைத்தேன். மூன்று மரத்துக்கும், உச்சியிலிருந்து அடிவரை. கனல் அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். மலையாண்டி தண்ணீர் வாளியோடு தள்ளி நின்றார். யாரும் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 7
நேற்று வந்ததும் தலைக்குக் குளித்தேன். ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன், அப்பச்சி அப்பச்சி என்று சத்தமாக. கீழ் வீட்டு ஷர்லி டீச்சர் பதறிப்போய் ஓடி வந்து கதவைத் தட்டினார். "என்னங்க, என்னாச்சுங்க?"
"எங்க அப்பச்சி செத்துப் போயிட்டாக" என்றேன்.
ஜூலையிலேயே துக்கம் கேட்டுவிட்டுப் போனவர்தான். ஆனாலும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.