லோயர்கேம்ப் சாலையில் முந்நூற்றுப் பத்து வாட்ஸ்

கூடலூர்,
9 ஜூலை 2024

அன்புள்ள ஜோதி,

தாலி கட்டின உன் மாமா எழுதுவது. போனை எடுக்கமாட்டேன், சொல்வதை எழுதி அனுப்புங்கள் என்றாயே, அதனால் எழுதுகிறேன். லேத்து பிடித்த கையில் பேனா நிற்கமாட்டேன் என்கிறது.

நம் கரண்டுக் காற்றாடியில் முந்நூறு வாட்ஸ் வந்ததும் உன்னைக் கூட்டிப்போக வருவேன் என்றேனே, வந்துவிட்டது! பிவிசி பைப்பில் அறுத்த இறக்கை, பழைய கார்ச் சக்கர ஹப், செப்புக் கம்பியில் நானே சுற்றிய காயில், அவ்வளவுதான். கூட்டாளி கருத்தக்கண்ணன் ஜீப் மேல் கட்டி, லோயர்கேம்ப் திசை பார்க்க முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினோம். முந்நூற்றுப் பத்து. "ஏலே, இனி தங்கச்சி வந்துரும்லே!" என்று அவனே கத்தினான்.

அழகுமலை அண்ணன் திராட்சைத் தோட்டத்துக்கு இரண்டு கேட்டிருக்கிறார். நீ அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வருஷமாச்சு, அலுத்துவிட்டது ஜோதி. துணிமணியை எடுத்து வை.

உன்,
ராஜபாண்டி

அல்லிநகரம்,
13 ஜூலை

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்தால் கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. "என்ன எழுதியிருக்காக?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். சிரிக்கவில்லை.

நூறு வந்தபோது இருநூறு என்று சொல்லி விற்றீர்கள். "ஒரு பல்புகூட எரியலையே ஆத்தா" என்று அதை வாங்கின சங்கிலியம்மாள் வாசலில் வந்து நின்றபோது பதில் சொன்னது நான். காற்றாடி மேல் கோபப்பட்டு நான் இங்கே வரவில்லை மாமா. கூட்டி அளக்கிற உங்கள் வாய்க்குப் பயந்துதான் வந்தேன்.

இந்த மாதத்தில் காற்று குமுளிப் பக்கமிருந்துதானே அடிக்கும்? லோயர்கேம்ப் பக்கம் எதிர்க்காற்றில் ஓட்டினால் ஜீப் வேகத்தோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். அதே வேகத்தில் கூடலூர் பார்க்கத் திரும்பி ஓட்டுங்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள்.

நாகஜோதி

கூடலூர்,
18 ஜூலை

ஜோதி,

திரும்பி ஓட்டினேன். ஐம்பத்தைந்து.

நம்பாமல் நாலு தடவை ஓட்டினேன். "போதும்டா, வண்டி பாவம்" என்றான் கருத்தக்கண்ணன். காற்றே இல்லாமல் ஓட்டினால் நூற்றைம்பது தேறலாம்.

இருநூற்றைம்பது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ அங்கன இருக்கிறாய், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் உனக்கு எழுதும்போது வெட்கமாகிவிட்டது. அழகுமலை அண்ணனிடமும் போய் உள்ளதைச் சொன்னேன். "அப்ப வேணாம் தம்பி" என்றுவிட்டார்.

முந்நூறு வரவில்லை. எந்த முகத்தோடு உன்னைக் கூப்பிட? உடம்பைப் பார்த்துக்கொள்.

ராஜபாண்டி

அல்லிநகரம்,
22 ஜூலை

மாமா,

உங்கள் ஐம்பத்தைந்தைப் படித்துவிட்டு, சோற்றில் கைவைத்தபடியே அழுதேன். அம்மா பயந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் கூடலூர் பஸ் ஏறுகிறேன். பெரிய சந்தோஷமெல்லாம் இல்லை, களைப்பாகத்தான் இருக்கிறது. சங்கிலியம்மாள் வீட்டுக்கு நாம் இரண்டு பேருமாகப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வரவேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை என்னைத் தூங்கவிடுங்கள்.

உங்கள்,
ஜோதி