ஒரு முறம் வெங்காயம்

என் ஆசை அக்காவுக்கு,

நீ போன பிறகும் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, சோறு வேகிறது. வாய்க்குத்தான் ருசி தெரியவில்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோதும், "நீ போய்க் கடையைப் பாருடா" என்று விரட்டினாயே, ஏன்தான் போனேனோ.

மலாயாவில் நம் புலாவ் செபாங் ஊர் அப்படியேதான் இருக்கிறது. ரப்பர் விலை எழவில்லை. தோட்டத்தில் வேலை போய், மூட்டையோடு ரயிலடியில் வந்து உட்காருகிறவர்களும் குறையவில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், உன் பெயரால் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கினேன். கடை வாசலில் பெரிய அண்டா. அதற்கு மேலே ஒரு பலகை. உன் பெயர் ஒரு வரி, கீழே என் பெயர். என் பெயரைத்தான் பெரிதாக எழுதச் சொன்னேன்.

உன்னைக் கஞ்சப் பிசினாறி என்று நினைத்திருந்தவன் நான். பசியோடு கொல்லைப்பக்கம் வருகிறவர்களிடம் முறத்தை நீட்டி, "இந்த வெங்காயத்தக் கொஞ்சம் உரிச்சுக் குடுங்கம்மா" என்பாய். அதற்கப்புறம்தான் சோறு. பசித்தவளிடம் வேலை வாங்குகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருக்கும். நானாவது சும்மா கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று லெட்சுமி வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள், உன்னிடம் வழக்கமாக வருவாளே, அவள்தான். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்டாவைப் பார்க்காமலே கடந்து போனாள். சின்னதுதான் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, கஞ்சி குடிச்சிட்டுப் போயேன்."

"வேணாண்ணே."

"புள்ளைங்க மொகம் வாடிக் கெடக்கே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அக்கா இருந்தா வெங்காயம் உரிக்கச் சொல்லும். உரிச்சிக்கிட்டே கத பேசி, சாப்புட்டுப் போவோம். இங்க சடக்குல போறவங்கல்லாம் பாக்குறாங்கண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. அகப்பையைப் பிடித்த நாளெல்லாம் நான் பார்த்தது கஞ்சி குடிப்பவர் முகத்தையா? இல்லை, சாலையில் போகிற ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கவனிக்கிறாரா என்றா?

நாம் இரண்டே பேர் இருந்த வீட்டில், முறம் முறமாய் உரித்த வெங்காயத்துக்கு என்ன வேலை? "இன்னைக்கும் வெங்காயக் கொழம்பா" என்று நான் தட்டைத் தள்ளும்போதெல்லாம் சிரிப்பாயே. ஒரு தடவையாவது காரணத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் அதையும் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பேன் என்று பயந்தாயா?

பலகையைக் கழற்றி அடுப்புக்குள் வைத்தேன். அண்டாவைக் கொல்லைக்குத் தூக்கிப் போய், லெட்சுமியையும் பிள்ளைகளையும் அங்கே கூப்பிட்டேன். அவளிடம் முறத்தை நீட்டியபோது எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அவளே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

இனி நம் வீட்டில் தினமும் வெங்காயக் குழம்புதான். முகம் சுளிக்காமல் சாப்பிடுவேன், அக்கா. இது உன்மேல் சத்தியம்.

இனி உன் கைச்சோறு கிடைக்காத
உன் தம்பி